எட்டு மணி ரத்தம்

ஆம், இல்லை. இரண்டே கட்டங்கள்.
கெமியார்வி சுகாதார நிலையத்தில்
பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள்.
இந்தக் கேள்விகளைப் படித்தவன்
கையில் இருப்பதோடு ஓடிவிடுவான் என்று
தெரிந்துதான் இருக்கும்.

இரவு சாப்பிட்டதும் கண் சொக்குகிறதா?
நான் இரவுச் சாப்பாடு சாப்பிடுவது
காலை ஏழரைக்கு.
சல்லா போகும் சாலையை
விடிய விடிய வழித்துத் தள்ளிவிட்டுப்
பனிவண்டியை விட்டு இறங்கும்போது
ஊர் காபி குடித்துக்கொண்டிருக்கும்.

உயரம் குறைந்ததா?
பட்டாளத்தில் அளந்ததோடு சரி.

எரிச்சல் அதிகமா?
இல்லை. அதுதான் சங்கதி.
முன்பெல்லாம் கலைமான்கள் நடுரோட்டில் நின்றால்
ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டேன்,
அதுகளின் வம்சத்தையே இழுத்து வைவேன்.
இப்போது விளக்கைத் தணித்துவிட்டுக்
காத்திருக்கிறேன்,
அதுகளாக மனம் வைத்து நகரட்டும் என்று.
இதற்குக் கட்டமே இல்லை.

ஆசை?
அந்தக் கேள்வி வரைக்கும்
பேனாவின் நூல் எட்டவில்லை
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சவுனாவில் நாங்கள் நாலு பேர்.
எல்லாருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று.
உடம்பில் பொட்டுத் துணி கிடையாது,
மறைக்க ஒன்றும் மிச்சமில்லை,
ஆனாலும் இதைப் பற்றி ஒருத்தன்கூட
மூச்சு விட்டதில்லை.
வேய்க்கோ கல்லில் தண்ணீர் ஊற்றுவான்.
கல் மட்டும் சீறும்.

டாக்டர் கெய்ஸா சின்னப் பெண்,
விடுவதாக இல்லை.
தைராய்டு, எடை, மனச்சோர்வு,
முதுகுக்கு நான் விழுங்கும் மாத்திரை,
சவரம் எத்தனை நாளைக்கு ஒருமுறை,
பிளேடு எவ்வளவு காலம் வருகிறது.
"ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது.
வெறும் வயிறு, காலை எட்டு மணி, இரண்டு தடவை."

யாருடைய காலை, என்று கேட்டேன்.
ஜனவரியில் இந்த ஊரில்
காலை என்பதே ஒரு வதந்தி.
அவள் சிரிக்கவில்லை.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு
முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.
மூன்று வாரம் இரவில் தூங்குங்கள்,
பிறகு ரத்தம்.

எங்கள் கட்டில் முறைவைத்த கட்டில்.
சிர்க்கு எழுந்த சூட்டில் நான் விழுவேன்.
பதினோரு குளிர்காலத்துக்குப் பின்
இருவரும் ஒரே இருட்டில் படுத்தோம்,
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

மூன்றாம் நாள், காபி இறங்கும் முன் சொன்னாள்:
"நீ மூச்சே விடவில்லை."
படிவத்தைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்து
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"அதில்லை, எஸ்கோ. ராத்திரி.
குறட்டை பட்டென்று அறுந்தது.
ஏரிக்கடியில் போனவன் மாதிரி கிடந்தாய்.
பதினெட்டு எண்ணினேன், அப்புறம்தான் மேலே வந்தாய்."
படிவத்தின் பின்பக்கம்
அன்றிலிருந்து அவளுடையது:
மணி, எண்ணிக்கை, மணி, எண்ணிக்கை.

ரத்தம் இரண்டு தடவை போனது.
ஒன்பது புள்ளி நாலு. பத்து புள்ளி எட்டு.
குறைவு என்றும் இல்லை, சரி என்றும் இல்லை,
இரண்டு கட்டங்களுக்கு நடுவே போய் விழுந்தேன்.
டாக்டர் அந்த எண்களை ஒதுக்கிவிட்டு
சிர்க்குவின் எண்களை இரண்டு முறை படித்தாள்.
ஊசிக்கு அவசரமில்லை,
முதலில் தூக்கத்தை அளப்போம் என்றாள்.
ரொவனியெமியில் வரிசை நீளம்,
ஏப்ரல் ஆகும்.

ஏப்ரல் வரை சிர்க்குதான் கருவி.
பதினெட்டில் முழங்கையால் ஒரு இடி,
அதுதான் வைத்தியம்.

நேற்று விடுப்பின் கடைசி ராத்திரி.
எனக்கு விழிப்புத் தட்டியிருந்தது,
அவளுக்குத் தெரியாது.
சும்மா, மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
காதோரம் அவள் உதடு எண்ணுவது கேட்டது.
பதினாறு.
பதினேழு.
பதினெட்டு.
கை வரவில்லை,
இன்னும் அருகே வந்தாள், கேட்பதற்கு.
பத்தொன்பது.
எது வரை வருவாள் என்று பார்க்க
நான் இன்னும்
விடவில்லை.